ஐந்நூற்று ஏழாவது மீட்டர்

மாவட்டக் கரையோர ஆணையத்தின் விசாரணை அறையில், வெள்ளைச் சுவரின்மேல் ஒரு பள்ளிக்கூடக் கணக்கைப் பெரிதாகக் காட்டினார்கள். மூன்றாவது வரிசையில் அக்காவோடு உட்கார்ந்திருந்த பிரகாசி அதன் கடைசி வரியைப் படித்தாள். விடை: 507 மீட்டர். அந்தக் கணக்கைப் போட்டவள் அவள்தான்.

பதினோராம் வகுப்பு இயற்பியல் கணக்கு. கடலில் நூற்றிருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு மிதவைகள். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கி, நாற்பது மீட்டர் நீளமுள்ள அலைகளைக் கிளப்புகின்றன. கரை மூவாயிரம் மீட்டர் தள்ளி இருக்கிறது. மிதவைகளுக்கு நேர் எதிரே உள்ள இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் அலை முதலில் அடங்கும்? ஒரு மிதவையின் அலை மேடாக வந்து சேரும் இடத்தில் மற்றதன் அலை பள்ளமாக வந்தால், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பத்துக்கு ஒன்பது பேர் 500 என்று எழுதுவார்கள். கோணம் சிறியதாக இருந்தால் தோராயமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பாடப்புத்தகமே சலுகை தருகிறது. பிரகாசி சலுகை வாங்குகிறவள் அல்ல. முழுதாகப் போடுவாள். அவளுக்கு மட்டும் ஏழு மீட்டர் கூட வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் போட்டது. முதுகலை இயற்பியலை முதல் வருடத்திலேயே விட்டுவிட்டு வந்தவள், அப்போது 'விடைமேடை' என்ற நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இயந்திரம் எழுதிய விடைகளைப் பள்ளிகள் மோப்பம் பிடித்துச் சுழியம் போட ஆரம்பித்த பிறகு, மனிதர்கள் கையால் எழுதும் விடைக்கு மறுபடி மவுசு வந்திருந்தது. பிள்ளைகள் கேள்வியைப் படமெடுத்து அனுப்புவார்கள். பிரகாசி மாதிரி யாராவது விடையை எழுதி அனுப்புவார்கள். நாளைக்கு நாற்பது கணக்கு.

அங்கே ஒரே ஒரு விதிதான். கேட்டதற்கு மட்டும் விடை. புதிதும் இல்லை அது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு ஆசிரியரும் பிரம்பை ஆட்டிச் சொன்னதுதான். கேட்காததை எழுதினால் நேரம் வீண், மதிப்பெண் கிடையாது, அதிகப்பிரசங்கி என்ற பெயர் மிச்சம். பிரகாசி அன்றைக்கு விடைக்குக் கீழே ஒரு வரி கூட எழுதியிருந்தாள்: 'குறிப்பு: 1061ஆவது மீட்டரில் அலை இரண்டு மடங்கு உயரும்.' அந்த ஒரு வரிக்காக விடை திரும்பி வந்தது. சிவப்பில் 'கேட்கப்படாதது' என்று முத்திரை. அவள் அந்த வரியை அழித்தாள். மறுபடி அனுப்பினாள். அடுத்த கணக்கை எடுத்தாள்.

சுவரில் இப்போது அந்த வரி இல்லை. இருக்கும் என்று எதிர்பார்க்க அவளுக்கு உரிமையும் இல்லை.

"இதுதான் மேடம் நீங்க கேட்ட டிசைன்," என்றான் நிரஞ்சன். அமைதிக்கடல் நிறுவனத்தின் பிரதிநிதி. வெயில் படாத முகம். "நல்லா பாருங்க. இது டிசைனே கிடையாது. ஸ்கூல் பசங்க கணக்கு."

விசாரணை அதிகாரி வளர்மதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அந்த மிதவைகளை வடிவமைச்சது யாரு?"

"யாருமே இல்ல மேடம். இந்த மாதிரி அறுபத்திரண்டு கணக்கு. தனித்தனியா, தனித்தனி ஆளுங்க போட்டது. விடை எல்லாம் விலைக்குக் கிடைக்குது, வாங்கினோம். அதை வெச்சு மிதவையை மிதக்க விட்டோம். பாடப்புத்தகத்துல இருக்கறத செய்யறது குற்றமா?"

"எஞ்சினியர் கையெழுத்து?"

"கட்டுமானத்துக்குத்தான் கையெழுத்து வேணும். விதியில தெளிவா இருக்கு. கடல் தரையில ஊன்றாத எதுவும் கட்டுமானம் ஆகாது. எங்களோடது மிதக்குது."

பின்வரிசையில், மிதவைகளை நிறுத்தக் கேட்டு மனுக் கொடுத்திருந்த சவேரியார் துறை ஊர்த் தலைவர் கசமீர் எழுந்து நின்றார். "ஏன்வே, எங்காளு ஒருத்தன் பதினோரு மாசமா எந்திரிக்க முடியாமக் கெடக்கான். அவனும் மிதந்துதான் வந்தான். அதுக்கு என்ன விதி வச்சிருக்கிய?"

அவர் சொன்னது இஞ்ஞாசியை. பிரகாசியின் அக்கா சலேத்தின் கணவன். முப்பது வருடம் அதே கரையில் மீன்பிடி வள்ளம் இறக்கியவன். அமைதிக்கடலின் மிதவைகள் வந்த நாற்பதாவது நாள், கரையேறும்போது, அவன் அதுவரை அந்த இடத்தில் பார்த்திராத உயரத்தில் ஒரு அலை எழுந்து வள்ளத்தைப் புரட்டி அவன் இடுப்பின்மேல் போட்டது. மருத்துவர்கள் முதுகெலும்பின் எண்ணைச் சொன்னார்கள். சலேத்துக்கு எண் புரியவில்லை. இனி நடக்கமாட்டான் என்பது மட்டும் புரிந்தது.

காரணம் யாருக்கும் தெரியாமல் இல்லை. கடல் அனுப்புகிற பலத்தை விழுங்கிச் செரித்துவிட எந்த இயந்திரத்தாலும் முடியாது. நிறுவனத்தின் மிதவைத் தடுப்பு, வரும் அலையை எல்லாம் வாங்கி, இரண்டு பெரிய மிதவைகள் வழியாக மறுபடி கரைப்பக்கம் துப்பியது. துப்பிய அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று தின்றன. அங்கே நிறுவனத்தின் கடற்கரை விடுதி இருந்தது. தண்ணீருக்குள் கண்ணாடி அறைகள். விருந்தாளிகளின் குழந்தைகள் முழங்கால் ஆழத்தில் விளையாடலாம், ஒரு துளி நுரை மேலே படாது. ஐந்நூற்றைம்பது மீட்டர் தள்ளி அதே இரண்டு அலைகளும் தோளோடு தோள் சேர்ந்து வந்தன. அங்கே சவேரியார் துறை இருந்தது.

அதிகாரி கோப்பை மூடினார். "விதி முப்பத்தொண்ணுல ஒரு வழி இருக்கு. கணக்குப் போட்டவர் யாருன்னு பேரோட தெரிஞ்சா, அவர் மேல வழக்குப் பதியலாம். பதிஞ்ச அன்னிக்கே மிதவைகளை நிறுத்தணும். தீர்ப்பு வர்ற வரைக்கும் ஓட்டக்கூடாது. பேர் தெரியுமா?"

"விடைமேடைல பேர் வைக்கமாட்டாங்க மேடம். வெறும் எண்," என்றான் நிரஞ்சன். சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டான்.

"இந்த அறையில யாருக்காவது தெரியுமா?"

பிரகாசியின் எண் அவளுக்கு மனப்பாடம். பக்கத்தில் அக்காவின் முழங்கை அவள் கைமேல் இடித்தபடி இருந்தது. எழுந்து நின்று 'நான்தான்' என்று சொன்னால் மிதவை நிற்கும். அக்கா என்ன ஆவாள்? ஊர் என்ன செய்யும்? அவள் இரண்டையும் எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே அதிகாரி, "மனு தள்ளுபடி," என்று எழுதிவிட்டு அடுத்த கோப்பைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். இஞ்ஞாசி முன்கட்டில் படுத்திருந்தான். அடுக்களையில் சலேத்து மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, செவத்துல காட்டுனானே, அந்தக் கணக்கு நான் போட்டது."

கத்தி நின்றது. சலேத்து திரும்பிப் பார்க்கவில்லை. "எந்தக் கணக்கு?"

"நம்ம கரையில அலையத் தூக்கிவிட்ட கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குன்னு நெனச்சுதான் போட்டேன். அலை ரெண்டு மடங்கா ஏறும்னு எழுதவும் செஞ்சேன். வேண்டாம்னு திருப்பி அனுப்புனானுவ. அழிச்சிட்டேன்."

"தெரிஞ்சே அழிச்சியா?"

"ஆமா."

சலேத்து மீனின் செவுளைப் பிடுங்கி எறிந்தாள். "வாய மூடிக்கிட்டு இரி. அவிய காதுல விழுந்துரும்."

"நான் சொன்னா மெசின நிப்பாட்டுவானுவ அக்கா."

"நிப்பாட்டுனா? அவியளுக்கு நட வந்துருமா? நீ உள்ள போயிட்டா அவியளப் பொரட்டிப் படுக்கவைக்க எனக்கு ஒத்தாச யாரு, அந்த வெளுத்த கம்பெனிக்கார மூதி வருவானா? ஒரு வார்த்த பேசக்கூடாது, சொல்லிட்டேன்."

பிரகாசிக்கு அப்போது கோபம் வந்தது நிறுவனத்தின்மீது அல்ல, தன்மீதுதான். அறுபத்திரண்டு பேர், ஆளுக்கொரு துண்டு. ஒருவனிடம் மிதவையின் எடை, ஒருத்தியிடம் கயிற்றின் இழுவிசை, இவளிடம் அலை அடங்கும் இடம். எந்த ஒருவருக்கும் முழு மிருகமும் தெரியாது. ஆனால் அந்தத் துண்டுக்குள்ளேயே ஒரு ஊரின் சாவு எழுதியிருப்பதை அவள் பார்த்தாள், எழுதினாள், அழித்தாள். ஏமாற்றப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

ஒரு வாரம் கழித்துக் கசமீர் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"ஏ பிரகாசி, கேட்டியா? கம்பெனிக்காரனே போன் போட்டுட்டான். பத்திரிகைல நம்ம இஞ்ஞாசி படம் வந்துட்டுல்லா, பயந்துட்டானுவ. மிதவைய எடம் மாத்துதானாம். திங்கக்கெழமையிலருந்து நம்ம துறையில அலையே இருக்காதாம், விடுதி மாதிரி!"

"எப்படி மாத்துதான் மாமா?"

"நீ படிச்ச பிள்ள, நீயே பாரு." செல்பேசியை நீட்டினார். இடைவெளி இருநூற்று நாற்பது மீட்டர். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்.

பிரகாசி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு பழைய நாட்காட்டியின் முதுகில் போட்டாள். நான்கு நிமிடம் ஆனது. விடுதி அடங்கும். சவேரியார் துறை அடங்கும். இரண்டுக்கும் நடுவிலும், துறையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலும் வெறும் மணலில் ஓங்கி அடிக்கும், அங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகு, 2155ஆவது மீட்டரில்?

"மாமா, கீழவிளைத் துறை இங்கருந்து எவ்வளவு தூரம்?"

"ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். எதுக்கு?"

அவள் முற்றத்தில் இருந்த தண்ணீர் அண்டாவுக்கு அவரைக் கூட்டிப்போனாள். இரண்டு கையாலும் தண்ணீரை ஒரே தாளத்தில் தட்டினாள். "விளிம்பப் பாருங்க. இங்கன அசையாமக் கெடக்கு. இங்கன துள்ளுது. இப்ப கைய அகட்டுதேன். அடங்குன எடம் மாறிட்டு, துள்ளுற எடமும் மாறிட்டு. அலை சாகல மாமா. வேற எடத்துக்குப் போவுது. நம்ம தலையிலருந்து எடுத்துக் கீழவிளைக்காரன் தலையில வைக்கான்."

கசமீர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம கரைக்கு வரலல்லா?"

"மாமா!"

"என்ன மாமா? நம்ம இஞ்ஞாசி விழுந்தப்ப கீழவிளையிலருந்து ஒருத்தன் வந்து எட்டிப் பாத்தானா? போன வருசம் நம்ம வலைய அறுத்துவிட்டது எவன்? அவன் கரைக்கு அவன் மனுக் குடுக்கட்டும். நாம குடுத்தோம்லா?"

"குடுத்து என்ன கிழிச்சோம்? அந்தாளு நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல சாவப் போட்டு உருட்டுதான். நீங்க கை தட்டுதிய!"

"பிள்ள, நான் நாப்பது வள்ளத்துக்குப் பதில் சொல்லணும். நீ கணக்குக்குப் பதில் சொல்லு, போதும்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கணக்கைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் சொன்னார். பிரகாசிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் கீழவிளைக் கரைக்குப் போனாள். வள்ளங்கள் பாதி போயிருந்தன. மீதியை இறக்கிக்கொண்டிருந்தவர்களிடம் போய், இன்றைக்குத் திரும்பி வரும்போது இந்தத் துறையில் கரையேறாதீர்கள், தெற்கே சுற்றி வாருங்கள் என்றாள்.

"நீ எந்த ஊரு தாயி?"

"சவேரியார் துறை."

வலையைச் சுமந்திருந்த ஒருவன் நின்றான். லிகோரி என்று கூப்பிட்டார்கள். நெஞ்சில் நரை, குரலில் கேலி. "ஓகோ. நாங்க கடலுக்குப் போகாம உக்காந்துட்டா மீன நீங்க அள்ளிக்கிடலாம்னு ஆள் அனுப்பியிருக்கானா கசமீரு? அதுவும் பொம்பளப் பிள்ளைய!"

"அண்ணே, மிதவைய மாத்திட்டானுவ. அலை இன்னைக்கு இங்கன ரெண்டு மடங்கு எந்திரிக்கும்."

"பாரு, கடலு தாம்பாளம் மாதிரி கெடக்கு. எங்க எந்திரிக்கும்? ஒங்க வீட்டு அண்டாவுலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் அண்டா என்றது தற்செயல். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் போனார்கள்.

மிதவைகளைப் பத்து மணிக்கு இயக்கினார்கள். பதினொன்றரைக்குச் சவேரியார் துறை குளம் போல் ஆனது. அங்கே கோயில் மணி அடித்தது இங்கே வரை கேட்டது. கீழவிளையில் முதல் மூன்று வள்ளங்கள் எப்படியோ ஏறிவிட்டன. நான்காவதாக லிகோரியின் வள்ளம் வந்தது. தண்ணீர் அவனுக்கு முன்னால் சுவர் மாதிரி எழுந்து நின்றது. கரையிலிருந்த ஆண்கள் கத்தினார்கள். வள்ளத்தின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பிறகு வள்ளமே தெரியவில்லை. கூட இருந்த இருவரை இழுத்துப் போட்டார்கள். லிகோரியை இரண்டு மணிக்குக் கடலே கொண்டுவந்து போட்டது. அவன் மனைவி அழவில்லை. அவன் பல்லிடுக்கில் இருந்த மணலைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஒரு வேலை மாதிரி.

பிரகாசி அங்கிருந்து நேரே கீழவிளைக் காவல் நிலையத்துக்கு நடந்தாள். மேசையில் ஏட்டு முத்துப்பேச்சி மட்டும் இருந்தார்.

"புகார் குடுக்கணும்."

"கடலுல செத்ததுக்குத்தானே? எழுதிட்டேம்மா. விபத்து."

"விபத்து இல்ல. மிதவைக்குக் கணக்குப் போட்ட ஆளு மேல புகார். எடத்த மாத்தினாலும் மிதவை அதேதான். விதி முப்பத்தொண்ணு."

முத்துப்பேச்சி நிமிர்ந்தார். விதி எண்ணோடு வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "ஆளு யாருன்னு தெரியாதுன்னுல்லா ஆணையத்துல தள்ளிட்டாவ?"

"தெரியும். எழுதுங்க. சூசை மகள் பிரகாசி. வயசு முப்பத்தி நாலு. சவேரியார் துறை."

பேனா இரண்டு எழுத்தில் நின்றது. "புகார் குடுக்குற ஒம்பேரு என்னன்னு சொன்ன?"

"அதே பேருதான்."

"ஏ பிள்ள, வெளையாடுதியா? இன்னைக்குச் சோலிக்கு நானே ஒத்த ஆளு."

பிரகாசி விடைமேடையின் எண் அட்டையையும், மூன்று வருடத்துக்கு முந்தைய விடையின் நகலையும் மேசையில் வைத்தாள். ஆணையத்தின் தள்ளுபடி உத்தரவையும் வைத்தாள். அதில் அதே விடை, அதே எண். முத்துப்பேச்சி மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதப் பதிஞ்சா ஒன்ன நான் உள்ள வைக்கணும். தெரியும்லா?"

"தெரியும். பதிஞ்ச நிமிசத்துல மிதவைய நிப்பாட்டச் சொல்லி நீங்க தகவல் குடுக்கணும். அதுவும் தெரியும்."

"கம்பெனிக்காரன் வக்கீல் வச்சுக் கேப்பான். 'ஊர்ப் பகையில ஒரு பொம்பள பொய்யா வந்து சரணடைஞ்சிருக்கா, இந்த எண்ணு இவளோடதுதான்னு யாரு சொல்றது'ம்பான். ஒரு சாட்சியாவது வேணும் தாயி. நீ போட்டன்னு, செத்தவன் சாவுறதுக்கு முந்தியே தெரிஞ்ச ஆளு. இல்லன்னா காலைல விட்டுருவாவ, மெசினையும் ஓட்டிருவாவ."

அப்படி ஒருத்திதான் இருந்தாள். அவளை இதில் இழுக்க மாட்டேன் என்று பிரகாசி வழி முழுக்க முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

"இருக்காவளா, இல்லையா?"

"இல்ல," என்றாள்.

"இருக்கு," என்றது வாசலில் ஒரு குரல்.

சலேத்து மூச்சு வாங்க நின்றாள். செருப்பில்லை. ஒரு கிலோமீட்டர் மணலில் ஓடிவந்த கால். நேரே மேசைக்கு வந்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எம் பேரு சலேத்தம்மாள். அந்தக் கணக்கப் போட்டது இவதான். ஏங்கிட்ட இவ வாயாலேயே சொன்னா. பத்து நாளைக்கு முந்தி. என் அடுக்களையில."

"பத்து நாளா ஏன் சொல்லல?"

"இவ எந்தங்கச்சி." சலேத்து நிறுத்தினாள். "அங்கன வழியில ஒருத்தி உக்காந்து புருசன் பல்லத் தொடைக்கா. பாத்துட்டுதான் வாறேன். இவ இங்கன வந்தத அங்கனதான் சொன்னாவ. நான் அன்னைக்கே சொல்லியிருந்தா அவ இந்நேரம் அவனுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருப்பா. எழுதுங்க."

"அக்கா, அத்தான?"

"பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்துருக்கேன். நீ பேசாத."

முத்துப்பேச்சி எழுதினார். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. தாளைத் திருப்பிச் சலேத்தின் முன் வைத்து, குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்துக்குக் கீழே சாட்சியின் கட்டத்தைக் காட்டினார். சலேத்து நான்காம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தெழுத்தாகப் பேரை எழுதினாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, தங்கையின் காதிலிருந்த தோட்டையும் கழுத்துச் சங்கிலியையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே போகிறவர்களிடம் நகை இருக்கக்கூடாது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.